மும்பையிலிருந்து பெங்களூருக்கு: எந்தப் பகுதியில் வீடு பார்ப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செம்பூரில் பிறந்து வளர்ந்து, டோம்பிவிலியில் பன்னிரண்டு ஆண்டுகள் குடித்தனம் நடத்திவிட்டு, 2018-இல் குடும்பத்தோடு பெங்களூருக்கு வந்தேன். அன்றிலிருந்து சயான், தாராவி, முலுண்ட், நெரூல் என்று பல இடங்களிலிருந்தும் தமிழ்க் குடும்பங்கள் தொலைபேசியில் அழைக்கின்றன. "அங்கே வாடகை குறைவாமே, எந்தப் பக்கம் பார்க்கலாம்?" என்றுதான் பேச்சு தொடங்கும், முடிய ஒரு மணி நேரமாகும். கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை எழுதி, நான் சொல்லும் பதில்களைக் கீழே கொடுத்திருக்கிறேன்.

நாங்கள் முதலில் எடுத்த வீடு ஹொரமாவில். சித்தப்பா குடும்பம் அங்கே இருந்தது என்ற ஒரே காரணத்துக்காக எடுத்தோம். கணவருக்கு வேலையோ நகரத்தின் மறுகோடியில், எலக்ட்ரானிக் சிட்டியில். ஒரு வருடம் அவர் பிள்ளைகளை விழித்த கண்ணோடு பார்த்தது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான். பிறகு மடிவாளாவுக்கு மாறினோம். அந்த ஒரு வருடம் வேறு எந்தக் குடும்பத்துக்கும் நேரக் கூடாது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பெங்களூரு மும்பையைவிட உண்மையிலேயே மலிவா, இல்லை எல்லோரும் சும்மா சொல்கிறார்களா?

வாடகையில் மலிவுதான். செம்பூரில் ஒரு படுக்கையறை வீட்டுக்குக் கொடுக்கும் பணத்தில், இங்கே இரண்டு படுக்கையறையும் துணி உலர்த்த ஒரு பால்கனியும் கிடைக்கும் பகுதிகள் இன்னும் நிறைய இருக்கின்றன. இந்திராநகர், கோரமங்கலா என்று தேடினால் மட்டும் மும்பை வாடகையின் நினைவு வந்துவிடும்.

மும்பையில் நாம் கவனிக்காமலே அனுபவித்த மலிவு ஒன்று உண்டு: ரயில். லோக்கலில் இரண்டாம் வகுப்பின் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். சீசன் டிக்கெட் எடுத்துவிட்டால் மாதம் முழுவதும் அந்த நினைப்பே வராது. பெங்களூரு மெட்ரோவில் குறைந்தபட்சம் 10 ரூபாய்; 2025 பிப்ரவரியில் கட்டணம் உயர்ந்தபோது அதிகபட்சம் 60-இலிருந்து 90 ரூபாய் ஆனது. பல வீடுகளில் இரண்டு சக்கர வண்டி ஒன்றுக்கு இரண்டாக வாங்க வேண்டியிருக்கிறது. அதனால் வீட்டு வாடகை, பராமரிப்புக் கட்டணம், தண்ணீர், வீட்டில் உள்ள எல்லோருடைய போக்குவரத்து ஆகிய நான்கையும் கூட்டிப் பாருங்கள். அதை நான் 'முழு வாடகை' என்பேன். இரண்டு வீடுகளை ஒப்பிடும்போது அந்தத் தொகையைத்தான் ஒப்பிட வேண்டும்.

முதலில் எதைப் பார்க்க வேண்டும் அக்கா? வாடகையையா, பகுதியையா?

திசையை. மும்பைக்காரர்களான நமக்கு "எந்த லைன், எந்த ஸ்டேஷன்?" என்று கேட்டே பழக்கம். மும்பை நீளவாக்கில் கிடக்கும் ஊர். கல்யாணில் ஏறினாலும் ஒரே வண்டியில் மறுகோடியிலுள்ள சி.எஸ்.எம்.டி. நிலையம் (சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ்) போய்ச் சேரலாம். பெங்களூரு தாம்பாளம்போல் நாலாபுறமும் விரிந்த ஊர். வேலை தாம்பாளத்தின் ஒரு விளிம்பிலும் வீடு எதிர் விளிம்பிலும் இருந்தால், தினமும் நடுவில் உள்ள நெரிசல் முழுவதையும் கடந்தாக வேண்டும். எங்கள் ஹொரமாவு ஆண்டு அப்படித்தான் போயிற்று.

ஆகவே வேலை எந்தத் திசையோ அதே திசையில் வீடு. ஒயிட்ஃபீல்டில் வேலை என்றால் கிருஷ்ணராஜபுரம், ராமமூர்த்தி நகர், மாரத்தஹள்ளி. எலக்ட்ரானிக் சிட்டி என்றால் பொம்மனஹள்ளி, மடிவாளா, பி.டி.எம். லேஅவுட். நாகவாராவின் மென்பொருள் பூங்கா என்றால் ஹெப்பாள், ஆர்.டி. நகர், கம்மனஹள்ளி. இரண்டாவது தண்ணீர். மூன்றாவதாகத்தான் வாடகை. தூரத்தைத் தரகர் சொல்லும் நிமிடக் கணக்கில் நம்பாதீர்கள். ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அந்த வீட்டு வாசலிலிருந்து அலுவலக வாசல் வரை நீங்களே ஒருமுறை போய்ப் பாருங்கள்.

மெட்ரோதான் வந்துவிட்டதே, தூரமாக இருந்தால் என்ன?

மெட்ரோ வந்த பகுதிகளில் வாழ்க்கை மாறித்தான் இருக்கிறது. ஊதா வழித்தடம் சல்லகட்டாவிலிருந்து ஒயிட்ஃபீல்டு வரை 2023 அக்டோபரிலிருந்து முழுமையாக ஓடுகிறது. பச்சை வழித்தடம் மாதாவராவிலிருந்து சில்க் இன்ஸ்டிடியூட் வரை. 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் வழித்தடம் ஆர்.வி. சாலையிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டி வழியாக பொம்மசந்திரா வரை போகிறது. ஊதாவும் பச்சையும் மெஜஸ்டிக்கில் சந்திக்கின்றன. பச்சையும் மஞ்சளும் ஆர்.வி. சாலையில்.

கேட்க வேண்டியது, நிலையத்துக்கு நடந்து போக முடியுமா என்பது. நிலையத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வீட்டுக்குத் தினமும் ஆட்டோ என்றால் முழு வாடகை எங்கோ போய்விடும். இன்னொன்று: வெளிவட்டச் சாலையிலும் விமான நிலையப் பாதையிலும் தூண்களைக் காட்டி "மெட்ரோ வரப்போகிறது" என்று வாடகையை ஏற்றுவார்கள். ஓடுகிற ரயிலுக்கு மட்டும் பணம் கொடுங்கள்.

தமிழர்கள் அதிகம் இருக்கும் பகுதிகள் எவை?

நிறைய. 1809-இல் ஆங்கிலேயர் இங்கே கண்டோன்மென்ட் அமைத்த காலத்திலிருந்தே சென்னை மாகாணத்திலிருந்து தமிழர்கள் படையோடும் தொழிலோடும் வந்து குடியேறியிருக்கிறார்கள். அதனால்தான் பழைய கண்டோன்மென்ட் பக்கம் முழுவதும் தமிழ் கேட்கிறது: அல்சூர், சிவாஜிநகர், ஃபிரேசர் டவுன், காக்ஸ் டவுன், மர்ஃபி டவுன், ஆஸ்டின் டவுன், நீலசந்திரா, விவேக் நகர். அல்சூரில் சோமேஸ்வரர் கோயிலும், ஏரிக்கரையில் தமிழ்ச் சங்கமும் இருக்கின்றன. மும்பைத் தமிழர்களின் மாட்டுங்கா வாசத்தை எதிர்பார்த்து வருபவர்களை நான் முதலில் அழைத்துப் போவது அல்சூர் கடைவீதிக்குத்தான். கதம்பமும் வாழையிலையும் பார்த்ததும் முகம் மலர்ந்துவிடும்.

மேற்கே ஸ்ரீராம்புரமும் ஓக்கலிபுரமும், ஒரு காலத்தில் ஆலைகளில் உழைத்த தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் இடங்கள். மல்லேஸ்வரம், ஜெயநகர் பக்கம் வேறு வகைத் தமிழர்கள். அமைதியான தெருக்கள், வாடகையும் அதற்கேற்ப. எங்கள் மடிவாளா, ஈஜிபுரா பக்கம் ஓசூர் சாலையை ஒட்டியது; இரவு பஸ் பிடித்தால் காலையில் சேலமோ மதுரையோ. மும்பையிலிருந்து திருநெல்வேலிக்கு ஒன்றரை நாள் ரயிலில் உட்கார்ந்த நமக்கு, ஓர் இரவில் சொந்த ஊர் என்பது பெரிய வரம். என் மாமியார் இதற்காகவே இந்த ஊரை மன்னித்தார்.

தமிழர் பகுதியில்தான் இருக்க வேண்டுமா? கன்னடம் தெரியாமல் சமாளிக்க முடியாதா?

சமாளிக்கலாம். ஆனால் சமாளிப்பதோடு நின்றுவிடாதீர்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன். மும்பையில் நாம் மராத்தி கற்றோம், இந்தி கற்றோம். யாரும் சொல்லித் தரவில்லை, தெருவே கற்றுத் தந்தது. கன்னடம் நமக்கு இன்னும் பக்கம். வீடு தேடும்போதே "மனெ பாடிகெகெ இதெ" என்ற பலகையைப் பார்ப்பீர்கள். வீடு வாடகைக்கு இருக்கிறது என்று படித்தவுடனே புரிந்துவிடும். முதல் வாரத்தில் பத்து வாக்கியம் கற்றுக்கொண்டு உரிமையாளரிடம் தப்பும் தவறுமாகப் பேசிப் பாருங்கள். ஹொரமாவில் எங்களிடம் முறைப்பாக இருந்த எதிர்வீட்டு அஜ்ஜி (பாட்டி), நான் "ஊட்டா ஆய்தா?" (சாப்பாடு ஆயிற்றா?) என்று கேட்ட நாளிலிருந்து கறிவேப்பிலை பறித்துக் கொடுக்கத் தொடங்கினார்.

முதியவர்கள் உடன் வந்தால் தமிழ் பேசும் தெரு அவசியம் என்பேன். இளம் குடும்பத்துக்கு எல்லோரும் கலந்து வாழும் தெருவே நல்லது. பிள்ளைகள் ஆறு மாதத்தில் கன்னடம் பேசுவார்கள்.

காவிரிப் பிரச்சினை வந்தால் பயமில்லையா? அம்மா இதை நினைத்துத் தூங்குவதே இல்லை.

இதை மழுப்பக் கூடாது. 1991 டிசம்பரில் இந்த நகரத்தில் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள், உயிர்கள் போயின. 2016 செப்டம்பரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பஸ்கள் எரிக்கப்பட்டன. பழைய பகுதிகளில் 1991-ஐக் கண்ணால் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் மூடிக் கிடந்து 2009 ஆகஸ்டில்தான் திறக்கப்பட்டது. பதிலுக்குச் சென்னையில் கன்னடக் கவி சர்வக்ஞருக்குச் சிலை வைத்தார்கள். இரண்டு பக்கமும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமை.

2023-இல் முழு அடைப்பு நடந்தபோது நாங்கள் மடிவாளாவில் வீட்டில் இருந்தோம். பால் வாங்கப் போனதில் தொடங்கி எல்லாம் வழக்கம்போல் நடந்தது. அம்மாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: அடைப்பு நாளில் வெளியூர்ப் பயணம் வேண்டாம், தமிழ்நாட்டு எண் வண்டியை எடுக்க வேண்டாம், அண்டை வீட்டாரோடு முகப்பழக்கம் வேண்டும். மும்பையில் 1992-93 கலவரத்தைக் கடந்து வந்தவர் அவர். ஆபத்தில் முதலில் கதவைத் தட்டுவது பக்கத்து வீட்டுக்காரர்தான் என்பது அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

2024-இல் தண்ணீரே இல்லை என்று செய்தியில் பார்த்தோம். ஒரு வீட்டில் தண்ணீர் வருமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எல்லாக் கேள்விகளிலும் இதற்குத்தான் நான் அதிக நேரம் செலவிடுகிறேன். மும்பையில் மாநகராட்சித் தண்ணீர் குறிப்பிட்ட நேரத்துக்கு வரும், பிடித்து வைப்போம். அதற்கு மேல் யோசித்ததில்லை. பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காவிரி சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி, பள்ளத்தில் ஓடுகிறது. அங்கிருந்து ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் உயரத்துக்கு ஏற்றித்தான் கொண்டுவருகிறார்கள். பழைய நகரப் பகுதிகளுக்கு அந்தக் குழாய் எப்போதோ வந்துவிட்டது. 2007-இல் மாநகராட்சியோடு சேர்த்த 110 கிராமங்கள் பல ஆண்டுகள் ஆழ்துளைக் கிணற்றையும் லாரியையும் நம்பியே இருந்தன. 2024 கோடையில் கிணறுகள் வற்றியபோது அதிகம் தவித்தது அந்தப் புறநகர்களே. அவற்றுக்காகவே காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் 2024 அக்டோபரில் தொடங்கிவைக்கப்பட்டது. ஆனால் பிரதான குழாய் தெருவுக்கு வந்ததற்கும் உங்கள் கட்டடத்துக்கு இணைப்பு வாங்கியதற்கும் நடுவே சில நேரம் ஆண்டுகள் கிடக்கின்றன.

ஆகவே உரிமையாளரிடம் "தண்ணீர் வருமா?" என்று கேட்காதீர்கள், "வரும்" என்றுதான் சொல்வார். காவிரி இணைப்பு இருக்கிறதா, குடிநீர் வாரியத்தின் கடைசி ரசீதைக் காட்ட முடியுமா, வாரத்தில் எத்தனை நாள் வருகிறது, தரைக்கடியில் உள்ள சம்பு எத்தனை லிட்டர், எத்தனை குடித்தனம் அதைப் பகிர்கிறது, லாரி வாங்கினால் பணம் யார் தருவது என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பிறகு கீழ்வீட்டுக்காரரிடம் தனியாக "நீரு தினா பருத்தா?" என்று கேளுங்கள், தினமும் வருகிறதா என்று பொருள். குளியலறைக் குழாயின் வாயைப் பாருங்கள். வெள்ளையாக உப்புப் படிந்திருந்தால் ஆழ்துளைக் கிணற்று நீர். மூலைக்கு மூலை பெரிய டிரம் நின்றால் அதுவும் ஒரு பதில்தான்.

லாரித் தண்ணீரின் விலையையும் கணக்கில் வையுங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது வழக்கமான அளவுகோல். நான்கு பேர் என்றால் மாதம் 16,200 லிட்டர். 2024 மார்ச்சில் மாவட்ட நிர்வாகம் லாரிக்கு விலை வரம்பு விதித்தபோது, ஐந்து கிலோமீட்டருக்குள் 12,000 லிட்டருக்கு 1,000 ரூபாய் என்றது. அந்த விலையிலேயே மாதம் 1,350 ரூபாய் ஆகிறது. கோடையில் அந்த விலைக்குக் கிடைத்தால் அதிர்ஷ்டம். ஹொரமாவில் ஏப்ரல் மாதம் இரவு பதினொரு மணிக்கு லாரி வரும். குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கும் முறை ஒவ்வொரு குடித்தனத்துக்கும் வரும்.

மழையில் எந்தெந்தப் பகுதி மூழ்கும்?

2005 ஜூலை 26-இல் 944 மில்லிமீட்டர் மழையைப் பார்த்தவர்கள் நாம். இங்கே அதில் சிறு பங்கு பெய்தாலே சில இடங்கள் மூழ்குகின்றன. காரணம் மழையின் அளவைவிட நிலத்தின் அமைப்பு. ஏரியிலிருந்து ஏரிக்கு நீர் ஓட ராஜகாலுவே எனப்படும் பெருவாய்க்கால்கள் இருந்தன. அவற்றின் மேலும் ஏரிப் படுகைகளிலும் வீடுகள் எழுந்துவிட்டன. 2022 செப்டம்பரில் பெல்லந்தூர், ஏமலூர், சர்ஜாபூர் சாலைப் பக்கம் கோடிகள் கொடுத்து வாங்கிய தனி வீடுகளிலிருந்தே மக்களை டிராக்டரிலும் படகிலும் மீட்டார்கள். ஹொரமாவில் சாயி லேஅவுட் மீண்டும் மீண்டும் மூழ்கும் இடம்.

பகுதி முழுவதையும் ஒதுக்க வேண்டாம், தெருவைப் பாருங்கள். தெரு எந்தப் பக்கம் சரிகிறது, அருகில் வாய்க்கால் எங்கே என்று நடந்து பாருங்கள். சுற்றுச்சுவரில் நீர்க்கோடு தெரிகிறதா, வீட்டு வாசலில் முழங்கால் உயரத்துக்குத் தடுப்பு கட்டியிருக்கிறார்களா என்றும் கவனியுங்கள். மூலைப் பெட்டிக்கடைக்காரர் எல்லாம் சொல்வார்.

பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார்கள். இது நியாயமா?

நியாயமில்லை, ஆனால் பழைய வழக்கம். பேசினால் ஐந்து, ஆறு மாதத்துக்கு இறங்குகிறார்கள். வாடகை 25,000 என்றால் பத்து மாதம் இரண்டரை லட்சம். வட்டியில்லாமல் முடங்கும் பணம். 2021-இல் மத்திய அரசு ஒப்புதல் தந்த மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புக்கு இரண்டு மாதத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது. ஆனால் அது மாதிரிச் சட்டம். மாநிலம் ஏற்றால்தான் செல்லும். பேரம் பேசும்போது சொல்லிப் பார்க்கலாம்.

மகாராஷ்டிரத்தில் வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும். இங்கே முத்திரைத் தாளில் பதினொரு மாதத்துக்கு எழுதிக் கொடுப்பதே பெருவழக்கு. ஓராண்டைத் தாண்டும் குத்தகைக்குத்தான் பதிவு கட்டாயம் என்பதால் அந்தப் பதினொரு மாதம். எழுதும்போது, காலி செய்கையில் எவ்வளவு பிடிப்பார்கள், எத்தனை நாளில் திருப்பித் தருவார்கள் என்ற இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகை பிடிப்பது இங்கே வழக்கம். எங்கள் முதல் வீட்டில் அது எழுதப்படாததால் இரண்டு மாத வாடகை போயிற்று. உள்ளே போகும் நாளில் சுவர், குழாய், கதவு எல்லாவற்றையும் படம் எடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள். அட்வான்ஸை வங்கி வழியாக மட்டும் கொடுங்கள்.

பன்னிரண்டு லட்சம் மொத்தமாகக் கொடுத்தால் மூன்று வருடம் வாடகையே வேண்டாம் என்கிறார் ஒருவர். எடுக்கலாமா?

இங்கே இதை 'லீஸ்' என்பார்கள். நம் ஊரில் போக்கியம், ஒத்தி என்பதைப் போன்றது. முடிவில் முழுப் பணமும் திரும்பி வரும் என்பது பேச்சு. பணம் வாங்குபவர் பெரும்பாலும் கடன்பட்டவர் என்பதை மறக்காதீர்கள். வீட்டின் மேல் வங்கிக் கடன் இருந்து, அவர் கட்டாமல் விட்டால், வங்கி வாசலில் ஒட்டும் அறிவிப்புக்கு முன் உங்கள் முத்திரைத் தாள் நிற்காது. அடுத்த குடித்தனக்காரரின் பணம் வந்தால்தான் உங்களுக்குத் திருப்பித் தருவேன் என்று மாதக்கணக்கில் இழுத்தடித்த கதைகளையும் கேட்டிருக்கிறேன்.

உரிமையாளர் அல்லாத இடைத்தரகரோ நிறுவனமோ பணம் வாங்கிக்கொண்டால் வேண்டவே வேண்டாம். உரிமையாளரே தருகிறார் என்றால் வில்லங்கச் சான்று எடுத்து, வழக்கறிஞரிடம் காட்டி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்து எடுங்கள். பதிவுக்கு மறுத்தால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். புதிதாக ஊருக்கு வருகிறவர்கள் முதல் ஆண்டில் இதைத் தொடவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

அசைவம் சாப்பிடுவோம் என்றதும் வீடு இல்லை என்றார்கள். இன்னொருவர் கணவர் பெயரைக் கேட்டுவிட்டுப் பேச்சை நிறுத்திவிட்டார். நாங்கள் எங்கே தேடுவது?

உங்கள் மனம் எவ்வளவு நொந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். மும்பையில் நடப்பது இங்கேயும் நடக்கிறது. காக்ஸ் டவுன், ஃபிரேசர் டவுன், லிங்கராஜபுரம், கம்மனஹள்ளி, ஆஸ்டின் டவுன், நீலசந்திரா, மடிவாளா, பி.டி.எம். லேஅவுட் ஆகியவை பல மதத்தினரும் பல மாநிலத்தவரும் கலந்து வாழும் பகுதிகள். அங்கே தேடுங்கள். முதல் தொலைபேசிப் பேச்சிலேயே உணவையும் பெயரையும் சொல்லிவிடுங்கள். நேரில் போய் அவமானப்படும் பாதி நடை மிச்சமாகும். சைவம் என்று பொய் சொல்லிக் குடியேற வேண்டாம். சொந்த அடுப்பில் மீன் குழம்பு வைக்க ஜன்னலைச் சாத்தும் வாழ்க்கை யாருக்கும் வேண்டாம்.

பிள்ளைகளுக்குப் பள்ளியில் கன்னடம் கட்டாயமாமே? தமிழ் என்ன ஆகும்?

ஆம். 2015-இல் இயற்றிய கன்னட மொழி கற்றல் சட்டப்படி பள்ளிகளில் கன்னடம் முதல் அல்லது இரண்டாம் மொழி. சிறு வகுப்பில் சேரும் குழந்தைக்கு இது சுமையே இல்லை. எட்டாம், ஒன்பதாம் வகுப்பில் மாறி வரும் பிள்ளைக்கு என்ன ஏற்பாடு என்று சேர்க்கைக்கு முன்பே பள்ளியில் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். தமிழை வீட்டில்தான் காக்க வேண்டியிருக்கிறது. என் மகளுக்கு அவள் தாத்தா தினமும் கால் மணி நேரம் நாளிதழ் வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். இன்று பிழையின்றிப் படிக்கிறாள்.

பள்ளி முடிவானபின் வீடு பாருங்கள். பள்ளி வண்டி ஒரு மணி நேரம் சுற்றினால் குழந்தையின் மாலைப்பொழுது போய்விடும்.

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எழுபதைத் தாண்டிவிட்டது. மாட்டுங்காவை விட்டு வர மாட்டோம் என்கிறார்கள்.

அவர்கள் விட மறுப்பது வீட்டை அல்ல. காலையில் கோயில், பூக்கடை, பெயர் சொல்லிக் கூப்பிடும் காப்பிக்கடை, பெஞ்சில் காத்திருக்கும் நண்பர். இவை எல்லாம் ஐந்து நிமிட நடையில் இருக்கின்றன. நீங்கள் எடுக்கும் புது வீடு எவ்வளவு பெரியதாக இருந்தாலும், வண்டி இல்லாமல் வெளியே போக முடியாத அடுக்ககம் என்றால் அவர்களுக்கு அது அடைப்புதான். சாவி கொடுத்துவிட்டு அலுவலகம் போகும் நமக்கு அந்தப் பகல்பொழுது தெரிவதில்லை.

ஆகவே அவர்களுக்காகத் தேடும்போது, வீட்டிலிருந்து பத்து நிமிடம் நடந்து பாருங்கள்: கோயில், மருந்துக்கடை, காய்கறி, உட்கார ஒரு பூங்கா. நடைபாதையில் கல் பெயர்ந்திருக்கிறதா என்றும் குனிந்து பாருங்கள். அல்சூர், ஜெயநகர், மல்லேஸ்வரம் மூன்றும் இதில் தேறும். இங்கே தனி உரிமையாளர் கட்டிய மூன்று மாடி வீடுகளில் பெரும்பாலும் லிஃப்ட் கிடையாது, தரைத்தளமே கேளுங்கள். ஒரு மாதம் விருந்தாளிகளாக அழைத்து வந்து தங்க வையுங்கள். என் மாமனார் "பார்க்கத்தான் வருகிறேன்" என்று வந்தவர்.

எனக்கு ஒயிட்ஃபீல்டில் வேலை, மனைவிக்கு பீன்யாவில். நடுவில் வீடு எடுக்கலாமா?

நடுவில் எடுத்தால் இருவருமே தினமும் களைத்து வருவீர்கள். யார் வாரத்தில் ஐந்து நாளும் போக வேண்டியவரோ, யாருக்கு நேரம் வளைந்து கொடுக்காதோ, யார் வந்து சமைக்க வேண்டியிருக்கிறதோ அவர் பக்கம் வீடு எடுங்கள். பீன்யா தொழிற்சாலையின் பணி நேரம் மாறாது என்றால் பச்சை வழித்தடத்தில், நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில் பாருங்கள். மற்றவர் மெஜஸ்டிக்கில் ஊதாவுக்கு மாறலாம். பெண்ணின் வேலையைத் தூரத்தில் தள்ளிவிட்டு, சில மாதத்தில் அவரே வேலையை விடும்படி ஆன குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். முடிவெடுக்கும் முன் மனைவியிடம் முதலில் கேளுங்கள்.

ஓசூரிலேயே தங்கி பெங்களூருக்கு வேலைக்குப் போகலாமா? வாடகையும் குறைவு, தமிழ்நாடும் ஆயிற்று.

வேலை எலக்ட்ரானிக் சிட்டி, பொம்மசந்திரா, அத்திப்பள்ளி என்றால் போகலாம், பலர் போகிறார்கள். பிள்ளைகள் தமிழ்ப் பாடத்தோடு படிப்பார்கள். அதைத் தாண்டி நகருக்குள் வேலை என்றால் யோசியுங்கள். ஓசூர் நகர மையத்திலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். மஞ்சள் மெட்ரோ பொம்மசந்திராவோடு நின்றுவிடுகிறது. அதன் பிறகு நெடுஞ்சாலை பஸ்தான். முழு வாடகையைக் கணக்கிட்டால் மிச்சம் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

விலாசத்தை மாற்றினால் என்ன பயன்? வண்டியையும் மாற்ற வேண்டுமா?

மாற்றுங்கள். கர்நாடக முகவரியுள்ள அடையாள அட்டை இருந்தால், 2023 ஜூன் முதல் பெண்களுக்கு அரசின் சாதாரண பஸ்களில் பயணம் இலவசம், ஏ.சி. பஸ்ஸுக்கு இல்லை. வீட்டு மின்சாரத்தில் 200 அலகு வரை, முந்தைய சராசரிப் பயன்பாட்டைப் பொறுத்துக் கட்டணமில்லாத் திட்டம் வாடகைக்காரருக்கும் உண்டு. அந்த வீட்டில் முன்பு குடியிருந்தவர் இந்தத் திட்டத்திலிருந்து தன் பெயரை நீக்கியிருக்கிறாரா என்று பாருங்கள். வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8. மும்பை எண் வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு வேண்டும்; பழைய ஆர்.டி.ஓ.வின் தடையில்லாச் சான்றும் இங்கே கட்டும் ஆயுட்கால வரியும் சேர்ந்தது அது. பழைய கார் என்றால் விற்றுவிட்டு வருவதே மேல்.

டோம்பிவிலி வீட்டை விற்ற பணம் கையில் இருக்கிறது. வாடகை எதற்கு, வந்ததும் வாங்கிவிடலாமே?

வேண்டாம். குறைந்தது ஓர் ஆண்டு வாடகைக்கு இருங்கள். வேலை மாறலாம், பள்ளி பிடிக்காமல் போகலாம், தெரு மூழ்கலாம். வாடகைக்காரர் லாரியை அழைத்துக் கிளம்பலாம், வாங்கியவரால் முடியாது. ஹொரமாவில் அப்போது நாங்கள் வாங்கியிருந்தால் இன்றும் கணவர் அந்தச் சாலையில்தான் இருப்பார்.

இன்னொரு காரணம் காகிதம். மும்பையில் சொசைட்டி, பங்குச் சான்றிதழ் என்று பழகியவர்களுக்கு இங்குள்ள 'காத்தா' புதிது. மாநகராட்சியின் சொத்துப் பதிவேட்டில் உள்ள பெயர்ப் பதிவு அது. ஏ காத்தா ஒழுங்கான சொத்து. பி காத்தாவில் ஏதோ ஒரு விதிமீறல் இருக்கும், வங்கிக் கடனுக்கும் தயங்குவார்கள். விலை சற்றே குறைவாக இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் அதுதான். குடியிருக்கலாம் என்று அனுமதி தரும் சான்றிதழ் ('ஆக்குபன்சி சர்டிபிகேட்', சுருக்கமாக ஓ.சி.) இல்லாத கட்டடத்துக்கு மின்சார, குடிநீர் இணைப்பு தரக் கூடாது என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. எனவே 'ஓ.சி.'யைக் கண்ணால் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். 2025 செப்டம்பரிலிருந்து நகரம் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்திருக்கிறது. உங்கள் சொத்து எதில் வருகிறது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த ஓராண்டில் வாங்க நினைக்கும் தெருவுக்கு இரண்டு முறை போய் வாருங்கள்: ஏப்ரல் கடைசியில் ஒரு முறை, செப்டம்பரில் பெருமழை பெய்த மறுநாள் காலையில் ஒரு முறை.